மாத்திரைப் பொடி

மேமோகிராம் எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் நான் ஒருவன்தான் ஆண். துணைக்கு வந்த ஆண்களையெல்லாம் மாடிப்படிப் பக்கம் போய் நிற்கச் சொல்லியிருந்தார் காவலாளி. என்னையும் இரண்டு முறை எழுப்பிவிட்டார். இரண்டாவது முறை என் மனைவி செல்வி எழுந்து, டெஸ்ட் எனக்கில்லை, இவருக்குத்தான் என்று கன்னடத்தில் சொன்னாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் சட்டையைப் பார்த்தார்கள். நான் மடியில் இருந்த ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டபோதும் அதே கதைதான். "முருகேசன் அவர வைஃப் யாரு?" என்று முருகேசனின் மனைவியைத் தேடி எட்டிப் பார்த்தார். முருகேசனே வந்திருக்கிறான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வரும் என்று அந்த வரிசையில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். எனக்கே அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் தெரிந்தது. இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிகிறது. பேனா பிடிக்க முடிகிறது. நோயைப் பற்றி மட்டும் எழுதுவதானால் சுலபம். என்னால் அப்படிப் பிரித்து எழுத முடியவில்லை. நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து மைசூருக்கு வந்து, சில்லறை வேலைகள் பார்த்து, பதினாறு வருடம் முன்னால் நஞ்சன்கூடு பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் சேர்ந்தேன். காலை ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவேன். அங்கே அடிப்பது பெரும்பாலும் பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரைகள். மாதவிலக்கு நிற்கும் வயதில் கொடுப்பது, கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கொடுப்பது, இப்படி. மருந்துப் பொடியை மாவோடு கலந்து, மெஷினில் கொட்டி, மாத்திரையாக அழுத்தி எடுக்கும் அறையில்தான் எனக்கு வேலை. ஏழு வருடம் ஆபரேட்டர், அப்புறம் ஒன்பது வருடம் சூப்பர்வைசர்.

பொடி என்றால் முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லியது. ஷிஃப்ட் முடியும்போது புருவத்தில், மூக்கு மயிரில், காலர் மடிப்பில் எல்லாம் இருக்கும். அந்த அறையில் துணி மாஸ்க் போதாது. குழாய் வழியாக வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முழுத் தலை மூடி ஒன்று உண்டு. ஹூட் என்போம். கம்பெனியில் எட்டு ஹூட் இருந்தன. பீரோவில் இருந்தன. வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வரும் நாட்களில் நான் பீரோவைத் திறந்து ஆளுக்கொன்று கொடுப்பேன். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் வாங்கித் துடைத்துப் பூட்டிவிடுவேன். ஹூட் போட்டால் வேர்க்கும், பேச்சுக் கேட்காது, வேலை மெதுவாகும். ஆபரேட்டர்களுக்கும் பிடிக்காது. மேலே இருப்பவர்களுக்கும் பிடிக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஹூட் அணிந்து வேலை நடந்தது என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டது நான்.

கட்டியை முதலில் தொட்டது ஒரு குளியலின்போது. இடது மார்க்காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு. வலிக்கவில்லை. வலிக்காததால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஆம்பளைக்கு மார்பில் கட்டி என்று யாரிடம் போய்ச் சொல்வது என்ற வெட்கம் மீதிப் பாதி. எட்டு மாதம் சட்டைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

கண்டுபிடித்தது செல்வி. துணி துவைக்கும்போது.

"ஏனுங்க, இந்தப் பனியன்ல என்னங்க கறை?"

"லாக்கர் துருவா இருக்கும்."

"துரு உள்பக்கம் எப்படீங்க படும்?"

அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே காவிக் கறை. அவள் என் சட்டை பட்டனைக் கழற்றிப் பார்த்தாள். காம்பு உள்ளே இழுத்திருந்தது. மறுநாள் காலை எங்கள் மகள் காவ்யா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு அமைந்தவர் ஒரு பெண் டாக்டர், அறுவை சிகிச்சை நிபுணர். தொட்டுப் பார்த்தார், அக்குளில் அழுத்திப் பார்த்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை. ஃபைலில் எழுதிக்கொண்டே, "ஏனு கெலசா மாடுத்தீரா?" என்று கேட்டார். என்ன வேலை பார்க்கிறேன் என்று.

"ஃபேக்டரி சூப்பர்வைசர்" என்றேன்.

எந்த ஃபேக்டரி என்று அவர் கேட்பதற்குள் போன் வந்தது. எடுத்துப் பேசினார், அப்புறம் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது. சொன்னால் என் கையெழுத்து வெளியே வரும் என்று பயந்தேன். என் உயிருக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் ரெஜிஸ்டருக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

மேமோகிராம் என்பது மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. பெண்களுக்கே வலிக்கும் என்கிறார்கள். எனக்கு அழுத்துவதற்குச் சதையே இல்லை. அந்த டெக்னீஷியன் பெண் தோளைப் பிடித்து, தோலை இழுத்து, தட்டில் ஒட்டி, "சாரி அங்கிள், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்தது பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து நூல் போலச் சதைத் துணுக்குகளை எடுப்பது. ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல டக்கென்று ஒரு சத்தம். நான்கு முறை கேட்டது.

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் வேலைக்குப் போனேன். ரெஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டேன்.

முடிவைச் சொன்னபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கேன்சர். சின்னதுதான், ஆனா தாமதமா வந்திருக்கீங்க." காவ்யாதான் கேள்விகள் கேட்டாள். நான் நடுவில் பேசப்போனபோது "அப்பா, சும்னே இருப்பா" என்று அடக்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். எந்த நிலை, பரவியிருக்கிறதா, எப்போது ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். வெளியே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தியவள், கதவு திறந்ததும் உள்ளே ஏறாமல் சுவரில் முகத்தை வைத்து அழுதாள். செல்வி அழவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் மகளுக்கும் அப்புறம் எனக்கும் கொடுத்தாள்.

ஆபரேஷனில் இடது மார்பு முழுவதையும் காம்போடு எடுத்தார்கள். ஆணுக்குப் பாதியை விட்டுவைக்க இடமில்லை என்றார் டாக்டர். நோய் அக்குளுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலச் சாயத்தை ஊசியில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்க்கிறார்கள். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் ஏறவில்லை. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சாயம் வெளியேறுகிறது, இரண்டு நாளில் சரியாகும் என்றார். ஆஸ்பத்திரிக்குள் செல்வி வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

காயத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் பாட்டிலும் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாள் அந்தப் பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பையைத் தைத்தது காவ்யா. அவளுடைய பழைய சுடிதார் துணி. பூப்போட்டது. வார்டில் எல்லோரும் அதைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

தையல் பிரிக்கப் போன நாளில், ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்த அறிக்கை வந்திருந்தது. ஒரு நெறிக்கட்டியில் நோய் இருந்தது. அதனால் கீமோ உண்டு, கதிர் சிகிச்சையும் உண்டு. அதற்குக் கீழே ஒரு வரியைப் பேனாவால் சுற்றி டாக்டர் விளக்கினார்.

"இது ஈஸ்ட்ரோஜன் ஏத்துக்கற கட்டி. ஈஸ்ட்ரோஜன்னா பெண்களோட உடம்புல அதிகம் சுரக்கற ஹார்மோன். ஆம்பளைங்களுக்கும் கொஞ்சம் உண்டு. உங்க கட்டிக்கு அதுதான் தீனி. அதனால கீமோ முடிஞ்சப்புறம், அந்தத் தீனி போய்ச் சேராம தடுக்க வருஷக்கணக்கா ஒரு மாத்திரை சாப்பிடணும்."

ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரை நான் பதினாறு வருடமாக டிரம் லேபிள்களில் படித்திருக்கிறேன். செல்வியும் காவ்யாவும் பக்கத்தில் இருக்க, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறை, பொடி, பீரோவில் இருந்த ஹூட், கையெழுத்து.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் நாளே கேட்டேனே."

"தப்புதான் டாக்டர்."

"இதனாலதான் வந்ததுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வயசு, எடை, பரம்பரை, எத்தனையோ சேரும். ஆனா வெளியிலிருந்து வர்ற ஹார்மோன் தினம் கொஞ்சம் கொஞ்சமா மூச்சுலயும் தோல்லயும் போனா, உடம்பு தன்னோட கணக்கை மறந்துடும். அப்படிப்பட்ட வேலைன்னு ஃபைல்ல இருக்கணும்." எழுதத் தொடங்கியவர் நிமிர்ந்தார். "யூனிஃபார்ம் யாரு துவைக்கறாங்க?"

நான் செல்வியைப் பார்த்தேன்.

கம்பெனியிலேயே துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. லாண்டரி மெஷின் கெட்டுப்போன பிறகு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுபோனோம். செல்வி வாசலில் நின்று சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் நனைப்பாள். பொடி தண்ணீரில் பட்டால் பிசுபிசுக்கும் என்பாள். சின்னப் பிள்ளையாக இருந்த காவ்யா அங்கேதான் விளையாடிக்கொண்டிருப்பாள். செல்விக்கு மாதவிலக்கு பல வருடமாகத் தாறுமாறு. வேலை அதிகம், சாப்பாடு சரியில்லை என்று நான்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவளுக்கு மேமோகிராம். ஒரு நிழல் தெரிகிறது என்று அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பினார்கள். கீமோவின் முதல் சுற்று முடிந்து எனக்கு வாயெல்லாம் புண். மாடிப்படிப் பக்கம், மற்ற ஆண்களோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பயாப்ஸி எடுத்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

வெறும் நீர்க்கட்டிதான், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏதும் வந்திருந்தாக்கூட கோவப்பட்டிருக்க மாட்டேனுங்க" என்றாள். "தெரிஞ்சும் சொல்லலையே."

"இவ்வளவு தூரம் தெரியாது செல்வி."

"வெளியாளுங்க வந்தா மட்டும் எடுத்துக் குடுப்பேன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க, பெருமையா. எதுக்குக் குடுக்கறோம்னு தெரியாமயா குடுத்தீங்க?"

வீட்டுக்குப் போனதும் அவள் எனக்குப் புண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று பச்சரிசிக் கஞ்சி வைத்து, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிப்பதைவிட நாலு வார்த்தை திட்டு வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கீமோ நாட்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. முடி போனது, நகம் கறுத்தது, சாம்பார் வாசனை வந்தால் குமட்டியது. கதிர் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்ப் படுத்துவிட்டு வர வேண்டும். படுத்திருக்கும்போது யோசிக்க நிறைய நேரம் இருந்தது. யோசித்ததெல்லாம் நாகராஜுவைத்தான்.

நாகராஜு என் கீழே வேலை பார்த்தவன். பொடியை அளந்து போடும் இடத்தில் இருந்தான். ஆறு வருடம் முன்னால் அவனுக்கு இரண்டு மார்பும் வீங்கத் தொடங்கியது. யூனிஃபார்முக்குள் இறுக்கமாக இன்னொரு பனியன் போட்டு மறைத்தான். லாக்கர் ரூமில் யாரோ பார்த்துவிட்டார்கள். கேன்டீனில் அவனுக்கு ஒரு பெண் பெயர் வைத்தார்கள். அவன் என்னிடம் தனியாக வந்து, சார், பொடியாலதான் இப்படி, என்னை வேற இடத்துக்கு மாத்துங்க என்று கேட்டான். உடம்பு போட்டிருக்கிறது, ஜிம்முக்குப் போ என்றேன். பேக்கிங்கில் இருந்த மங்களாவும் இன்னும் இரண்டு பெண்களும் மாதவிலக்கு சரியில்லை என்று வந்தபோது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொன்ன அதே வாய். நாகராஜு இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டான்.

சிகிச்சை முடிந்ததும், தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான் சொல்லச் சொல்லக் காவ்யா கன்னடத்தில் எழுதினாள். பீரோ, ரெஜிஸ்டர், லாண்டரி எல்லாம் வந்தது. பாதிக்கப்பட்ட இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்றாள். நாகராஜுவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். சாமராஜநகரில் பைக் சீட்டுக் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. பஸ் ஏறினேன்.

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. பெயர் சொன்னதும் தையல் மெஷினை நிறுத்தினான். உட்காரச் சொல்லவில்லை. கன்னடத்தில் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

"என்ன சார் வேணும்?"

சொன்னேன். நோயைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. கடையின் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தோல் ரோல்கள் அடுக்கிய சின்ன இடம். எங்கே என்று கேட்டான். நான் சட்டையைத் திறந்தேன். மார்பின் குறுக்கே ஓடிய தழும்பை அவன் பார்த்தான். பிறகு தன் சட்டையைத் தூக்கினான். இரண்டு பக்கமும் பிறை போல இரண்டு தழும்பு.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டேன் சார். ஊர்ல யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்கும் அப்புறம்தான் சொன்னேன்."

"நாகராஜு, அன்னைக்கு நான்..."

"நீங்க சிரிக்கல சார். அது எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாரும் சிரிக்கறப்ப நீங்க தட்டைப் பாத்துச் சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

மனுவை வாங்கி நின்றபடியே படித்தான். இரண்டாவது பக்கத்தில் விரல் வைத்தான்.

"'உடலில் மாற்றம் ஏற்பட்ட தொழிலாளர் கேலிக்கு ஆளானார். அவருடைய கோரிக்கை ஏற்கப்படவில்லை.' யாரு ஏத்துக்கலன்னு இல்லையே சார்?"

நான் சொன்னபடிதான் காவ்யா எழுதியிருந்தாள். பீரோ சாவியை எழுதினேன், ரெஜிஸ்டரை எழுதினேன், எல்லாவற்றிலும் கம்பெனி சொல்லிச் செய்தேன் என்று தப்பிக்க ஒரு வாசல் வைத்திருந்தேன். நாகராஜுவுக்கு மறுக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இது நானே செய்தது. அதனால்தான் பெயர் இல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே புரிந்தது.

பேனா கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில், என் சுமாரான கன்னடத்தில் எழுதினேன். நாகராஜு வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டது என்னிடம். மறுத்தது நான், முருகேசன். கேன்டீனில் அவரைக் கேலி செய்தபோது நான் அங்கே இருந்தேன். தடுக்கவில்லை.

அவன் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினான். கீழே கையெழுத்துப் போட்டான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஒருமுறை டாக்டரிடம் போய்க் காட்டு என்றேன். போனான். பயப்பட ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொன்னார்களாம்.

மனு கொடுத்து இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்தார்கள். பீரோவைத் திறக்கச் சொன்னார்கள். இப்போது அந்த அறைக்குள் ஹூட் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. லாண்டரி மெஷின் ஓடுகிறது. என் நோய்க்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை. பொய்க் கையெழுத்துக்கு என் பதிலையும் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பேன். வேலையை விட்டுவிட்டேன். பழைய ஆட்களில் பாதிப் பேர் என் போனை எடுப்பதில்லை.

போன வாரம் மங்களா கூப்பிட்டாள். அவளை இப்போது பேக்கிங்கிலிருந்து மெஷின் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். என் உடம்பைப் பற்றி விசாரித்தாள். ஆறு மாதம் கழித்துச் செல்விக்கு எடுத்த ஸ்கேனைப் பற்றிக் கேட்டாள். கட்டி அப்படியேதான் இருக்கிறது, வளரவில்லை என்றேன். அப்புறம் தன் கதையைச் சொன்னாள்.

"அந்த ஹூட்டுக்குள்ள ரொம்பப் புழுக்கம் சார். மதியத்துக்கு மேல தலை சுத்தற மாதிரி ஆயிடுது. பத்து நிமிஷம் கழட்டிட்டுப் போட்டுக்கலாமான்னு இருக்கு."

"தலை சுத்தினா வெளிய வந்துடும்மா. காத்து வாங்கிட்டு உள்ள போ. அறைக்குள்ள மட்டும் கழட்டாதே."

"சரி சார்" என்றாள். அவ்வளவுதான். மறுபேச்சுப் பேசவில்லை.

போனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கழட்டாதே என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசராக இருந்த ஒன்பது வருடத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்போதும் சரி சார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.